ஒற்றை இலைச் செடியும் ஊரோரத்து மரலும்

சென்ற வருட இறுதியில் ஒரு நாள், கடைத்தெருவுக்குப் போன உம்மா ஒரு பூச்சாடியை ஏந்திக்கொண்டு வீடு திரும்பினார். சாடியில் ஒரேயொரு இலைதான் இருந்தது. ஆனால் அந்த ஓர் இலை என் முழங்கை நீளத்துக்கு உயர்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தாற்போல் அகன்று நின்றது. கரும்பச்சை நிறம், அதன்மேல் வெளிர்ப் பச்சைப் புள்ளிகள். "இதற்கா இவ்வளவு காசு கொடுத்தீர்கள்?" என்று வாப்பா கேட்டார். "உம்மாவின் அறையில் வைக்கத்தான் வாங்கினேன்" என்றார் என் உம்மா.

எங்கள் உம்மும்மாவுக்கு நெடுநாளாக ஆஸ்துமா முட்டு வருத்தம் உண்டு. மாத்தளையில் ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் அவருக்கு இரவில் உறக்கமே இல்லை. செடி விற்றவர் உம்மாவிடம் நான்கு விடயங்களைச் சொல்லியிருந்தார். இது இரவில் ஒட்சிசன் தரும். அறைக் காற்றைச் சுத்தமாக்கும். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாது. இது இருக்கும் வீட்டுக்குப் பாம்பு வராது.

அன்றிரவே செடி உம்மும்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. செடி தரும் நல்ல காற்று வெளியே போய்விடக்கூடாதென்று நாங்கள் யன்னலையும் சாத்தினோம். நுளம்புக்காக வழமைபோல் நுளம்புச் சுருளும் எரிந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு நள்ளிரவு உம்மும்மாவுக்கு முட்டு கடுமையாகி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவேண்டியதாயிற்று. மருந்துப் புகை பிடிக்க வைத்தபின் மூச்சு சீரானது. டொக்டர் கேட்ட முதற் கேள்வி, "அறையில் காற்றோட்டம் இருக்கிறதா?" என்பதுதான். உம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நல்லதை நினைத்துத்தானே அவர் அந்தச் செடியை வாங்கினார்!

அன்று தொடங்கியதுதான் இந்தத் தேடல். செடிக்காரர் சொன்ன நான்கில் எது உண்மை, எது பொய்? உயர்தரத்தில் உயிரியல் கற்பவள் என்ற வகையில் என் பாடப் புத்தகங்களிலிருந்து தொடங்கி, ஆசிரியைகளிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றைச் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

செடியின் ஊரும் பேரும்

நாம் பொதுவாகப் "பாம்புச் செடி" என்று சொல்லும் தாவரங்கள் ஒன்றல்ல, பல. ஏறத்தாழ எழுபது இனங்கள் இக்கூட்டத்தில் அடங்குகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. சில மடகஸ்காரிலும் அரேபியாவிலும், இன்னும் சில தெற்காசியாவிலும் வளர்கின்றன. இலங்கைக்கென்றும் ஓர் இனம் உண்டு. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

எங்கள் வீட்டுக்கு வந்தது அகன்ற இலை கொண்ட ஆபிரிக்க இனமாகும். அதன் தாவரவியற் பெயர் சான்செவியேரியா மேசோனியானா. தாயகம் மத்திய ஆபிரிக்காவின் கொங்கோ சனநாயகக் குடியரசு. மோரிஸ் மேசன் என்னும் ஆங்கிலேயத் தாவர சேகரிப்பாளர் அங்கிருந்து இதைக் கொண்டுவந்தார். அதனால் இது நீண்ட காலம் "மேசனின் கொங்கோ" என்றே அழைக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில்தான் சஹினியன் என்பவர் இதைத் தனி இனமாக விவரித்து, மேசனின் நினைவாகவே பெயரும் சூட்டினார். திமிங்கிலத்தின் செட்டை போலத் தோன்றுவதால் பூச்செடி வியாபாரிகள் இதைத் "திமிங்கிலச் செட்டை" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் அழைக்கின்றனர்.

சான்செவியேரியா என்ற பெயர் இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதிப் பிரபுக்களோடு தொடர்புடையது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க் அப்பெயரை நிலைநிறுத்தினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இது ஒரு தனிச் சாதியாகவே கருதப்பட்டு வந்தது. ஆனால் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, இச்செடிகள் டிரசீனா என்னும் சாதிக்குள்ளேயே அடங்குகின்றன என்று தெரியவந்தது. ஆகவே 2018 ஆம் ஆண்டளவில் இவை டிரசீனாவோடு சேர்க்கப்பட்டன. இப்போது நம் செடியின் பெயர் டிரசீனா மேசோனியானா. புதிய புத்தகமொன்றில் ஒரு பெயரும் பழைய புத்தகமொன்றில் வேறு பெயரும் இருந்தால் குழம்பவேண்டாம், இரண்டும் ஒன்றே. கஞ்சிக்குப் பயன்படும் சாத்தாவாரியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது எனக்குப் புதுமையாக இருந்தது.

இலையின் அமைப்பு

இச்செடிக்கு நிலத்துக்கு மேலே தண்டு கிடையாது. தண்டு மண்ணுக்குள் கிடையாக ஓடுகிறது. இஞ்சியைப்போல இதுவும் வேர்த்தண்டுக் கிழங்கு ஆகும். அதிலிருந்து இலைகள் நேராக மேலெழும். வீடுகளில் அதிகமாகக் காணப்படும் மஞ்சள் ஓரம் கொண்ட பாம்புச் செடி மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த டிரிபாஸ்கியேற்றா என்னும் இனமாகும். அதன் இலைகள் வாள்போல் ஒடுங்கி நிமிர்ந்திருக்கும். மேசோனியானாவின் இலையோ துடுப்புப்போல் விரிந்திருக்கும். நன்கு வளர்ந்த இலை ஒரு மீற்றருக்கு மேல் உயரும். அகலம் 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை செல்லும். ஒரு தண்டு முனையிலிருந்து ஓரிரண்டு இலைகளே தோன்றுவதால், சாடியில் ஒற்றை இலையாக நிற்பது குறையன்று, அதன் இயல்பு.

இலையைத் தொட்டுப் பார்த்தால் தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். மேற்பரப்பில் மெழுகுத் தன்மையான தடித்த புறத்தோல் உண்டு. அதனால் நீர் எளிதில் வெளியேறாது. உள்ளே நீரைச் சேமிக்கும் பெரிய கலங்கள் நிறைந்துள்ளன. அவற்றுக்கிடையே நீளவாட்டில் உறுதியான நார்கள் ஓடுகின்றன. தண்டே இல்லாமல் ஒரு மீற்றர் இலை நிமிர்ந்து நிற்க அந்த நார்களும் உதவுகின்றன.

இந்தச் சாதிச் செடிகள் பூக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வெண்மையும் இளம்பச்சையும் கலந்த சிறு பூக்கள் நீண்ட பூந்துணரில் தோன்றும். அவை மாலையில் விரிந்து இரவில் மணம் வீசும். பூத்த முளை அதன்பின் புதிய இலை விடாது. ஆனால் கிழங்கின் பக்கத்திலிருந்து புதிய முளைகள் வந்துகொண்டிருக்கும். எனவே செடி அழிவதில்லை.

இரவில் திறக்கும் இலைவாய்

"இரவில் ஒட்சிசன் தரும்" என்ற முதலாவது கூற்றுக்கு வருவோம். இதில் ஒரு சிறு உண்மை பெரிதாகத் திரிந்திருக்கிறது.

சாதாரணத் தாவரமொன்று பகலில் தன் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கிறது. அப்போது அதே வாயில் வழியாக நீராவியும் வெளியேறுகிறது. நீர் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் இது பிரச்சினையில்லை. வறண்ட நிலத்தில், உச்சி வெயிலில் வாயிலைத் திறந்தால் தாவரம் வாடிவிடும். இதற்கு அல்லாஹ் இந்தச் செடிகளில் வேறொரு வழியை அமைத்திருக்கிறான். பாம்புச் செடி, அன்னாசி, ரணகள்ளி, கள்ளிச் செடிகள் முதலியன தங்கள் இலைவாய்களைக் குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் உள்ளே வரும் காபனீரொட்சைட்டு மலிக்கமிலமாக மாற்றப்பட்டுக் கலங்களின் புன்வெற்றிடங்களில் சேமிக்கப்படுகிறது. விடிந்ததும் இலைவாய்கள் மூடிக்கொள்கின்றன. பின்னர் அந்த அமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டு மீண்டும் விடுவிக்கப்பட்டு, சூரிய ஒளியின் உதவியோடு ஒளித்தொகுப்பு நடைபெறுகிறது. இதைக் கிரசுலேசிய அமில அனுசேபம் என்று நம் பாடநூல் கூறுகின்றது.

இதை நாமே சோதித்துப் பார்க்கலாம். ரணகள்ளி இலையொன்றை விடியற்காலையில் பறித்து, நசுக்கி, சாற்றை பீஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். அதே செடியின் இன்னோர் இலையை மாலையில் பறித்து அவ்வாறே செய்யுங்கள். காலைச் சாறு மாலைச் சாற்றைவிட அமிலத்தன்மை கூடியதாக இருக்கும். இரவில் சேமித்த அமிலம் பகலில் செலவாகிவிடுகிறது என்பதற்கு அதுவே சான்று.

இப்போது செடிக்காரரின் கூற்றைப் பாருங்கள். இரவில் இச்செடி காபனீரொட்சைட்டை எடுக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒட்சிசன் தோன்றுவது நீர் மூலக்கூறு ஒளியின் சக்தியால் பிளக்கப்படும்போதுதான். ஒளி இல்லாத இரவில் எந்தச் செடியும் ஒட்சிசனை உற்பத்தி செய்வதில்லை. பாம்புச் செடியும் அப்படியே. மேலும், நாம் ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நம் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது. மெதுவாக வளரும் ஒற்றை இலைச் செடியொன்று பகல் முழுதும் உழைத்தாலும் ஒரு மனிதரின் இந்தத் தேவைக்கு ஈடுகொடுக்காது. யன்னலைச் சற்றே திறந்தால் உள்ளே வரும் காற்று அதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

காற்றைச் சுத்தமாக்குமா?

இரண்டாவது கூற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1989 ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஓர் ஆய்வை வெளியிட்டது. மூடிய விண்கலங்களில் காற்றைச் சுத்தப்படுத்தச் செடிகள் உதவுமா என்பதே கேள்வி. முற்றாக அடைக்கப்பட்ட சிறிய கண்ணாடி போன்ற பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன், போமல்டிகைட்டு முதலிய வாயுக்களைச் செலுத்தி, ஒரு நாளில் அவை எவ்வளவு குறைகின்றன என்று அளந்தனர். மஞ்சள் ஓரப் பாம்புச் செடியும் அவற்றுள் ஒன்று. வாயுக்கள் குறைந்தன. ஆய்வு பொய்யல்ல.

ஆனால் நம் வீட்டு அறை அடைத்த பெட்டியன்று. கதவு, யன்னல், ஓட்டு இடைவெளி என்று எத்தனையோ வழிகளில் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. 2019 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டனர். சாதாரணக் கட்டடமொன்றின் இயல்பான காற்றோட்டம் செய்யும் சுத்திகரிப்பைச் செடிகளால் செய்யவேண்டுமானால், ஒரு சதுர மீற்றர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

உம்மும்மாவின் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது ஏறக்குறைய 11 சதுர மீற்றர். மிகக் குறைந்த கணக்கின்படியே 110 செடிகள் வேண்டும். கட்டில் வைக்கவே இடமிருக்காது! இதை நான் வீட்டில் சொன்னபோது உம்மும்மாவே வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்புக்கப்பால் இதில் யோசிக்கவேண்டியது ஒன்று உண்டு. நுளம்புச் சுருளின் புகை, அடுப்படியில் எரியும் விறகின் புகை, ஈரச் சுவரில் படரும் பூஞ்சணம் ஆகிய மூன்றுமே முட்டு வருத்தக்காரர்களுக்குத் தீங்கானவை. இவற்றைக் குறைக்காமல் ஒரு செடியை வாங்கி வைத்து மனம் ஆறுதலடைவது ஆபத்து. செடி தீங்கு செய்யவில்லை. செடியை நம்பி யன்னலைச் சாத்தினோமே, அதுதான் தீங்கு செய்தது.

பாம்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மூன்றாவது கூற்றைப் பிறகு பார்ப்போம். நான்காவது கூற்று பாம்பைப் பற்றியது. இலையில் காணப்படும் குறுக்குக் கோடுகளும் புள்ளிகளும் பாம்பின் தோலை நினைவூட்டுவதால்தான் இப்பெயர் வந்தது. இச்செடி பாம்பை விரட்டும் என்கிறார்கள் சிலர். பாம்பை அழைத்துவரும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே பெயரிலிருந்து பிறந்த கதைகள். எந்தச் செடியானாலும், வாசற்படியருகில் அடர்ந்த புதராக வளர்ந்தால் அங்கே எலியும் தவளையும் ஒதுங்கும். அவற்றைத் தேடிப் பாம்பும் வரலாம். எனவே புதரைத் துப்புரவாக வைத்திருப்பதே பாதுகாப்பு.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. பாம்புக்கடிக்கு இந்த இனச் செடிகளின் சாற்றைப் பூசும் வழக்கம் கிராமங்களில் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. 2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்றின்படி, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர். 400க்கும் மேற்பட்டோர் மரணமடைகின்றனர். வயலும் சேனையும் நிறைந்த நம் மாவட்டத்துக்கு இது அந்நியமான செய்தியல்ல. பாம்பு கடித்தால் கடிபட்ட இடத்தை அசையாமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். விஷமுறிவு ஊசிக்கு ஈடாக எந்த இலைச்சாறும் இல்லை. சாறு தேடிச் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் ஓர் உயிரின் நிமிடமாகும்.

செடிக்கே சிறிதளவு நஞ்சும் உண்டு. இலையில் சபோனின் என்னும் பதார்த்தம் இருக்கிறது. மனிதர் கடித்தால் வாயில் எரிச்சலும் குமட்டலும் ஏற்படலாம். பூனை, நாய் தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். பூனை வளர்க்காத வீடு நம்மிடையே குறைவு. தவழும் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் சாடியை வைப்பது நல்லது.

எங்கள் மண்ணின் மரல்

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி இந்தப் பகுதிதான். ஆபிரிக்காவிலிருந்து வந்த அகன்ற இலைக்குக் காசு கொடுத்தோம். ஆனால் அதன் நெருங்கிய உறவினர் ஒருவர் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர். அதன் தாவரவியற் பெயரிலேயே நம் நாட்டின் பழைய பெயர் இருக்கிறது: சான்செவியேரியா சிலானிக்கா, அதாவது இலங்கைக்குரியது. சிங்களத்தில் "நியந்த" என்பார்கள். தமிழில் இவ்வகைச் செடிக்கு மரல், மருள் என்பன பெயர்கள். வறண்ட பற்றைக் காடுகளிலும் பாறை நிலங்களிலும் இது வளரும். இலை ஒடுக்கமானது, வாய்க்கால்போல் குழிந்திருக்கும், சாம்பல் கலந்த பச்சைக் கோடுகள் குறுக்காக ஓடும். மேசோனியானாவோடு ஒப்பிட்டால் மெலிந்த பிள்ளைதான். பூச்செடிக் கடைகளில் "சிலானிக்கா" என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பாலானவை உண்மையில் ஆபிரிக்க டிரிபாஸ்கியேற்றாவே என்பதும் கவனிக்கத்தக்கது.

தமிழிலக்கியம் கற்கும் சகோதரிகளுக்கு மரல் புதியதல்ல. கலித்தொகையின் பாலைக்கலிப் பாடலொன்றில், மழை பொய்த்த காட்டில் மரை மரலைத் தின்னும் காட்சி வருகிறது. எல்லாம் காய்ந்துவிட்ட நிலத்தில் மரை ஏன் மரலைத் தேடிப் போகவேண்டும்? இப்போது நமக்கு விடை தெரியும். நீரைச் சேமித்து, இரவில் மட்டும் வாய்திறந்து, கோடையிலும் சாறோடு நிற்கும் இலை அது. அந்தப் பழம்புலவர் மலிக்கமிலத்தை அறிந்திருக்கவில்லை. ஆனால் காட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

மரலின் நார் மிக உறுதியானது. வில்லுக்கு நாணாகப் பயன்பட்டதால் ஆங்கிலத்தில் இவ்வகைச் செடிகளுக்கு "வில்நாண் சணல்" என்ற கருத்தில் பெயர் உண்டு. நம் அயலிலேயே இந்த நாருக்கு ஒரு புகழ்பெற்ற பயன் இருந்தது. மாத்தளைக்கும் கண்டிக்கும் பொதுவாக நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தும்பறை மலை என்றும் அழைப்பர். அந்தத் தும்பறையின் பெயரைத் தாங்கியது தும்பறைப் பாய். கண்டி மாவட்டத்தில் குண்டசாலைக்கு அருகேயுள்ள ஹேனவல கிராமத்துக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இதை நெய்து வருகின்றனர். இலையைப் பலகையில் வைத்துச் சுரண்டிச் சதையை நீக்கி, நாரைக் கழுவி உலர்த்தி, சாயமேற்றித் தறியில் நெய்வார்கள். சிவப்புக்குப் பதங்கி மரமும் மஞ்சளுக்கு மரமஞ்சளும் பயன்பட்டன. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்தப் பாய் நெசவையும் நியந்த நாரையும் பதிவு செய்துள்ளார். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இக்கைவினையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இன்று இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது "ஹண" எனப்படும் கற்றாழை வகையின் நார். நியந்தவின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

ஒருவேளை உங்கள் தாத்தாவின் காணியிலோ, சீகிரிய, தம்புள்ளைப் பக்கத்துப் பாறையடியிலோ மரல் நிற்கலாம். அடுத்த முறை போகும்போது கவனித்துப் பாருங்கள். காட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரவேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும்.

வளர்க்கும் முறை

இனி மூன்றாவது கூற்று: "தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாது." நான்கில் இதுதான் உண்மைக்கு மிக நெருங்கியது. ஆனால் நாங்கள் அதை நம்பாமல் தினமும் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினோம்! ஒரு மாதத்தில் இலையின் அடி மஞ்சளாகி, மென்மையாகி, கெட்ட வாடை வீசியது. கிழங்கு அழுகத் தொடங்கிவிட்டது. பாம்புச் செடிகள் வறட்சியால் சாவது அபூர்வம். அதிக நீரால் சாவதே அதிகம். மாத்தளையின் மழைக் காலத்தில் இது இன்னும் உண்மை.

எனவே சில குறிப்புகள்:

சாடியின் அடியில் துளை இருக்கவேண்டும். மண்ணோடு பாதிக்குப் பாதி ஆற்றுமணலோ உடைந்த ஓட்டுத் துண்டுகளோ கலப்பது நல்லது.

விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளேயும் முற்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறையும், மழைக் காலத்தில் மாதத்துக்கு ஒரு முறையும் போதும்.

இருட்டறையில் இது உயிரோடு இருக்கும், வளராது. யன்னலோர வெளிச்சமே இதற்கு உகந்தது. அகன்ற இலையில் தூசு படிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

இனப்பெருக்கத்துக்குக் கிழங்கைப் பிரித்து நடலாம். இலைத் துண்டிலிருந்தும் புதிய செடி வரும். இலையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் உலர ஓரிரு நாள் விட்டு, மணலில் ஊன்றவேண்டும். எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கமே மண்ணுக்குள் போகவேண்டும். தலைகீழாக நட்டால் வேர் விடாது. புதிய முளை வர மாதக்கணக்கில் பொறுத்திருக்கவேண்டும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மஞ்சள் ஓரப் பாம்புச் செடியின் இலைத் துண்டை நட்டால் வருவது மஞ்சள் ஓரமில்லாத வெறும் பச்சைச் செடி! அதன் இலையில் இரு வேறு மரபியல்பு கொண்ட கலப்படைகள் அருகருகே இருக்கின்றன. இலைத் துண்டிலிருந்து புதிய முளை உருவாகும்போது அந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது. மஞ்சள் ஓரம் வேண்டுமானால் கிழங்கைப் பிரித்தே நடவேண்டும்.

கடைசியாக ஒன்று. மிஞ்சிய கிழங்குகளை ஓடைக் கரையிலோ காட்டோரத்திலோ வீசிவிடாதீர்கள். ஆபிரிக்கப் பாம்புச் செடி இனங்கள் அமெரிக்காவின் புளோரிடாவிலும் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் தோட்டங்களிலிருந்து தப்பிப் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கும் களைகளாக மாறியுள்ளன. எளிதில் சாகாத செடியை எளிதில் அழிக்கவும் முடியாது. நம் மரலின் இடத்தை அதன் ஆபிரிக்க உறவினரே பறித்துக்கொள்ள நாம் வழிவகுக்கக்கூடாது.

இறுதியாக

எங்கள் வீட்டுச் செடியின் அழுகிய பகுதியை நானும் உம்மாவும் வெட்டி எறிந்துவிட்டு, மேலேயுள்ள நல்ல இலையை நான்கு துண்டுகளாக்கி மணலில் நட்டோம். இரண்டு அழுகின. ஒன்று அப்படியே நிற்கிறது. ஒன்றின் அடியிலிருந்து, ஐந்து மாதங்களுக்குப் பிறகு, சுண்டுவிரல் நுனியளவில் ஒரு முளை தலைகாட்டியது. அந்தச் சாடி இப்போது விறாந்தையில் இருக்கிறது.

உம்மும்மாவின் அறையில் இன்று செடி இல்லை. யன்னலுக்கு வாப்பா நுளம்பு வலை அடித்திருக்கிறார். கட்டிலுக்கு நுளம்பு நெற் கட்டியாயிற்று, சுருள் கொளுத்துவதில்லை. டொக்டர் தந்த மருந்தை உம்மும்மா தவறாமல் இழுக்கிறார். இறைவன் அருளால் இந்த மழைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரவில்லை.

"அந்தச் செடியை வாங்கி வந்து உங்களுக்கு வருத்தத்தைக் கூட்டிவிட்டேனே" என்று உம்மா ஒரு நாள் சொன்னார். உம்மும்மா அவருடைய கையைப் பிடித்து, "நீ வாங்கி வந்ததால்தானே மகள் இவ்வளவும் படித்தாள்" என்றார். பிறகு விறாந்தைப் பக்கம் பார்த்து, "அந்தப் பிள்ளைக்கு இன்றைக்குத் தண்ணீர் ஊற்றிவிடாதே" என்று என்னை எச்சரித்தார்.